‘ஜெட்டி கேட்கிறது’: பாம்பன் கரையில் ஓர் ஐஸ் படிவம் மூன்று விதமாக முடங்கிய கதை

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள், கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். அது முடிகிற அன்று சாயங்காலம் ராமேசுவரம், பாம்பன், மண்டபம் கரைகளில் கால் வைக்க இடமிருக்காது. வலை ஏற்றுகிறவர்கள் ஒரு பக்கம், டீசல் கேன் உருட்டுகிறவர்கள் ஒரு பக்கம், மீன்வளத்துறை டோக்கனுக்கு நிற்கிற வரிசை ஒரு பக்கம். எல்லாவற்றுக்கும் நடுவில் ஐஸ். விடிவதற்குள் ஐஸ் ஏறாத படகு அன்று கரையிலேயே கிடக்க வேண்டியதுதான். மறுநாள் காலை கரை சேருகிற இறாலுக்கு ஐஸ் இருந்தால் ஒரு விலை, இல்லாவிட்டால் விலையே இல்லை.

அந்த ஐஸை ஃபோனிலேயே பதிவு செய்ய ஒரு படிவம் வேண்டும் என்று பாம்பன் பக்கத்தில் உள்ள ஓர் ஐஸ் கம்பெனி கேட்டது. செய்து கொடுத்தவன் நான். படகு எண், உரிமையாளர் பெயர், கைபேசி எண், எத்தனை கட்டி, எத்தனை மணிக்கு, வண்டியில் கொண்டுவந்து தர வேண்டுமா அல்லது நேரில் வந்து எடுத்துக்கொள்வார்களா. இவ்வளவுதான். ஜனவரியிலிருந்து தடைக்காலம் தொடங்குகிற வரை அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

தடைக்காலத்தில்தான் நான் அதில் கை வைத்தேன். உலாவிக்குள் படிவத்தை இயக்குகிற பழைய ஸ்கிரிப்டைப் புதிய பாணியில் திருத்தி எழுதினேன். வண்டியில் வேண்டும் என்பவர்களிடம் எந்த ஜெட்டி, அதாவது எந்தப் படகுத்துறை, என்று கேட்க ஒரு கட்டம் சேர்த்தேன். புதிய வாடிக்கையாளர்கள் படகின் பதிவுப் புத்தகத்தைப் படமெடுத்து அனுப்ப வழி செய்தேன். படகு எண்ணைச் சரிபார்க்க ஒரு விதியும் போட்டேன். நான்கு மாற்றங்கள், ஒரே மூச்சில், ஐஸ் வாங்க ஓர் ஆள்கூட இல்லாத நாட்களில். படகைக் கரையில் ஏற்றி வைத்துப் பலகை மாற்றுகிறவர்கள் தண்ணீரில் இறக்கி ஒழுகுகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் பணம் கேட்பார்கள். நான் தண்ணீரில் இறக்காமலேயே பணம் வாங்கிவிட்டேன்.

முதல் இரவு

ஜூன் 14 மாலை ஆறரைக்குக் கம்பெனியில் கணக்குப் பார்க்கும் அக்கா அழைத்தார். “தம்பி, படிவம் வேலை செய்யவில்லை என்கிறார்கள்.” ராமநாதபுரத்தில் வீட்டில் இருந்தேன். மடிக்கணினியில் படிவத்தைத் திறந்து, நிரப்பி, ‘அனுப்பு’ பொத்தானை அழுத்தினேன். போனது. “இங்கே வேலை செய்கிறதே அக்கா” என்றேன். இந்தத் தொழிலில் இதைவிடப் பயனற்ற வாக்கியம் ஒன்று இருக்கிறதா என்று தெரியவில்லை.

ஏழு மணிக்கு மறுபடி அழைப்பு. ஏழரைக்கு இன்னொன்று. ஆயிரம் பேர் ஒரே கரையில் ஃபோனைப் பிடித்துக்கொண்டு நிற்கிற நேரம், சிக்னல் நெரிசலாக இருக்கும் என்று முதலில் நினைத்தேன். பிறகு சர்வர் திணறுகிறதோ என்று சந்தேகம் வந்தது. சர்வரில் இயங்கும் பிஹெச்பி நிரலின் பிழைப் பதிவேட்டைத் திறந்தேன். ஒரு வரி இல்லை. பதிவேட்டில்தான் ஏதோ கோளாறு என்று எண்ணி, பிழைகளைத் திரையிலேயே காட்டும் அமைப்பை இயக்கினேன். அதைத் திரும்ப அணைக்க மறந்தேன். இந்த மறதிக்குப் பின்னால் ஒரு வேலை இருக்கிறது, அது இரண்டு நாள் கழித்து வரும்.

எட்டு மணிக்கு, உலாவி தன் பிழைகளை எழுதி வைக்கும் கன்சோலைத் திறந்தேன். அங்கே ஒரு வரி சிவப்பாக நின்றது. கிடைத்துவிட்டது என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

அந்த வரி படகு எண் பற்றியது. இந்தப் பக்கத்து விசைப்படகுகளின் பதிவு எண் ‘ஐஎன்டி-டிஎன்-10-எம்எம்’ என்று தொடங்கி எண்ணில் முடியும், நடுநடுவே சிறு கோடுகள். அதைச் சரிபார்க்க, கட்டத்தில் எந்த வடிவில் எழுத வேண்டும் என்று விதிக்கும் ‘பேட்டர்ன்’ பண்பில் எழுத்துகள், எண்கள், சிறு கோடு என்று சதுர அடைப்புக்குள் எழுதியிருந்தேன். பல ஆண்டுகளாக எல்லாரும் எழுதுகிற விதம்தான். ஆனால் 2023இல், வலைப்பக்கங்களை எழுதும் மொழியான ஹெச்டிஎம்எல்லின் விதிமுறை மாறி, இந்தப் பண்பில் எழுதுவதை உலாவிகள் இன்னும் கறாரான முறையில் படிக்கத் தொடங்கின. அந்த முறையில் சதுர அடைப்புக்குள் தனிக் கோடு வந்தால் அதற்கு முன்னால் பின்சாய்கோடு (\) போட்டாக வேண்டும். நான் போடவில்லை. உலாவி இந்த விதி செல்லாது என்று கன்சோலில் சொல்லியிருந்தது.

இரண்டு மணி நேரம் இதிலேயே போனது. சாய்கோடு சேர்த்து, ஏற்றி, சிவப்பு வரி மறைந்ததைப் பார்த்துவிட்டு, “சரியாகிவிட்டது அக்கா” என்று சொன்னேன். பத்து நிமிடத்தில் அவர் திரும்ப அழைத்தார். சரியாகவில்லை.

பிறகு யோசித்தபோதுதான் புரிந்தது. விதி செல்லாது என்றால் உலாவி அதை ஓரமாகத் தூக்கி வைத்துவிட்டு, கட்டத்தில் எதை எழுதினாலும் விட்டுவிடும். அந்தப் பிழையால் தப்பான எண் உள்ளே வரலாமே தவிர, சரியான எண் வெளியே நிற்காது. கன்சோலில் சிவப்பாகத் தெரிவதெல்லாம் நாம் தேடுகிற திருடன் அல்ல. அவன் வேறு வழக்கில் தேடப்படுகிறவனாகவும் இருக்கலாம்.

அன்று இரவு அக்காவும் இரண்டு பையன்களும் ஃபோனில் கேட்டுக் கையால் எழுதி ஐஸ் ஏற்றினார்கள். 15ஆம் தேதி அதிகாலையில் படகுகள் போய்விட்டன. காலை முதல் பஸ்ஸில் நான் பாம்பனுக்குப் போனேன்.

அக்காவின் நோட்டு

கம்பெனி முன்கூடத்தில் கச்சான் காற்று தாளை எல்லாம் கிளப்பிக்கொண்டிருந்தது. அக்கா ஒரு நாற்பது பக்க நோட்டை என் முன்னால் வைத்து அதன் மேல் எடைக்கல் ஒன்றையும் வைத்தார். முதல் நாள் மாலையிலிருந்து வந்த 17 அழைப்புகளும் அதில் இருந்தன. படகு எண், நேரம், அவர்கள் சொன்னது. சொன்னதைச் சொன்னபடியே எழுதியிருந்தார். எனக்கு ஃபோனில் அவர் சுருக்கிச் சொன்ன ‘வேலை செய்யவில்லை’ என்ற சொல் அந்த நோட்டில் ஓர் இடத்தில்கூட இல்லை.

“பொத்தானை அமுக்கினால் ஒன்றுமே ஆகவில்லையாம். இரண்டு ஃபோனில் பார்த்துவிட்டாராம்.”

“எல்லாம் எழுதி அனுப்பினால் பக்கம் மறுபடி காலியாக வந்து நிற்கிறதாம். நேரில் வருகிறேன் என்று தொட்டாலும் ஜெட்டி கேட்கிறதாம்.”

“வட்டம் சுற்றிக்கொண்டே இருந்துவிட்டுப் பிழை என்று சிவப்பாக வருகிறதாம். புத்தகத்தைப் படமெடுத்துப் போட்டாராம்.”

பதினேழையும் இந்த மூன்று வகைக்குள் பிரித்துவிட முடிந்தது. ஒன்றுமே ஆகாதவர்கள் ஒன்பது பேர், பக்கம் காலியாக வந்தவர்கள் மூன்று பேர், சிவப்பாகப் பிழை வந்தவர்கள் ஐந்து பேர். காய்ச்சல் என்று மூன்று பேர் வந்தால் மூன்று பேருக்கும் ஒரே ஊசி போடுகிற வைத்தியராக நான் முதல் நாள் இரவைக் கழித்திருக்கிறேன்.

ஒன்றுமே ஆகாத ஒன்பது பேர்

இதுதான் எளிதில் பிடிபட்டது. நோட்டைப் பார்த்ததும் அக்காவிடம் ஒரு கேள்விதான் கேட்டேன்: இந்த ஒன்பது பேரும் வண்டியில் கேட்டவர்களா, நேரில் எடுக்கிறவர்களா? ஒன்பது பேரும் நேரில் எடுக்கிறவர்கள். நான் சோதித்தபோதெல்லாம் ‘வண்டியில்’ என்பதையே தேர்ந்தெடுத்திருந்தேன். அதுதானே நான் புதிதாகச் செய்தது, அதையே பார்த்துப் பார்த்து மகிழ்ந்தேன்.

ஜெட்டிக் கட்டத்தை நிரப்பாமல் அனுப்பக் கூடாது என்பதற்காக அதற்கு ‘ரிக்வயர்டு’ என்ற கட்டாயப் பண்பைக் கொடுத்திருந்தேன். ‘நேரில்’ என்று தொட்டால் ஸ்கிரிப்ட் அந்தக் கட்டத்தைத் திரையிலிருந்து மறைக்கும். மறைக்கும், அவ்வளவுதான். கட்டாயம் என்ற பண்பு அப்படியே இருக்கும்.

‘அனுப்பு’ பொத்தானை அழுத்தியதும் உலாவி முதலில் கட்டாயக் கட்டங்களைப் பார்க்கிறது. ஒன்று காலியாக இருந்தால் அனுப்புவதை நிறுத்திவிட்டு, அந்தக் கட்டத்துக்கு நம்மைக் கொண்டுபோய், இதை நிரப்புங்கள் என்று சிறு குமிழ் காட்டும். இங்கே கட்டம் மறைந்திருக்கிறது. கொண்டுபோக இடமில்லை, குமிழ் காட்டவும் இடமில்லை. ஆகவே நிறுத்துவதை மட்டும் செய்துவிட்டு, செல்லாத கட்டம் ஒன்று இருக்கிறது, அதில் நிற்க முடியவில்லை என்று கன்சோலில் ஒரு வரி எழுதிவிட்டுச் சும்மா இருந்துவிடுகிறது. ஜெட்டியில் நிற்கிற மனிதருக்குக் கன்சோல் தெரியுமா? அவர் மறுபடி அமுக்குகிறார். பக்கத்து ஆளின் ஃபோனை வாங்கி அமுக்குகிறார்.

எனக்கும் ஏன் தெரியவில்லை என்றால், இந்தச் சோதனையில் தோற்ற படிவத்துக்கு ‘சப்மிட்’ நிகழ்வே நடப்பதில்லை. என் ஸ்கிரிப்ட் காத்துக்கொண்டிருந்தது அந்த நிகழ்வுக்காக. அது வராததால் ஸ்கிரிப்ட் எழுந்திருக்கவில்லை, சர்வருக்கும் ஒன்றும் போகவில்லை. ஒன்பது பேர் இரண்டு மணி நேரம் அமுக்கியதற்கு உலகத்தில் எங்கேயும் தடயம் கிடையாது, அக்காவின் நோட்டைத் தவிர.

தீர்வு ஒரு வரி. கட்டத்தை மறைக்கும்போதே அதை ‘டிஸேபிள்டு’, அதாவது செயலற்றது, ஆக்கிவிட்டால் உலாவி அதைச் சோதனையிலிருந்து விலக்கிவிடும். காட்டும்போது அந்தப் பண்பை எடுத்துவிட வேண்டும். செய்தேன். இந்த ஒரு வரியும் பின்னால் திரும்பி வந்து என்னைக் கடித்தது.

பக்கம் காலியாகிய மூன்று பேர்

இந்த மூவரில் ஒருவர் கம்பெனிக்குப் பக்கத்திலேயே இருந்தார். மூன்று படகு வைத்திருக்கும் பெரியவர், இப்போது கடலுக்குப் போவதில்லை. ஃபோனைக் கேட்டதும் கொடுத்துவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார். 2019இல் வாங்கிய ஃபோன். பேரப்பிள்ளைகளின் படங்களால் நிரம்பி வழிந்தது. இடம் இல்லாததால் எந்தச் செயலியும் பல காலமாகப் புதுப்பிக்கப்படவில்லை. குரோம் உலாவியின் பதிப்பு எண் 78.

ஃபோனின் அமைப்புகளுக்குள் போய் ‘பில்டு’ எண்ணை ஏழு முறை தட்டினால் உருவாக்குநர்களுக்கான பட்டியல் திறக்கும். அதில் யுஎஸ்பி வழிப் பிழைநீக்கத்தை இயக்கி, கேபிளை மடிக்கணினியில் சொருகினால், ஃபோனில் ஓடும் பக்கத்தின் கன்சோல் மடிக்கணினியில் தெரியும். பெரியவரின் கன்சோலில் ஒரே ஒரு சிவப்பு வரி. வாய்விட்டுப் படித்தேன்: “எதிர்பாராத டோக்கன்.”

“டோக்கன் நேற்றே வாங்கியாயிற்றே தம்பி” என்றார் பெரியவர். “இதில் எதிர்பாராததற்கு என்ன இருக்கிறது?”

அவருக்கு டோக்கன் என்றால் கடலுக்குப் போகும் அனுமதிச் சீட்டு. ஜாவாஸ்கிரிப்டுக்கு டோக்கன் என்றால் நிரலில் உள்ள ஒரு சொல்லோ குறியோ. இங்கே அது ஒரு புள்ளி. 2020இல் ஜாவாஸ்கிரிப்ட் மொழிக்குள் ‘?.’ என்று ஒரு குறி வந்தது. ஒரு பொருள் இருந்தால் அதனுள்ளே போய்ப் பார், இல்லாவிட்டால் பேசாமல் விட்டுவிடு என்று அதற்குப் பொருள். மிகவும் வசதியானது. திருத்தி எழுதியபோது பத்துப் பன்னிரண்டு இடங்களில் போட்டிருந்தேன். குரோமுக்கு இந்தக் குறி புரியத் தொடங்கியது 80ஆம் பதிப்பில். 78 கேள்விக்குறியைப் பார்த்ததும், ஆமாம் இல்லை என்று இரண்டு வழி பிரிக்கிற பழைய கேள்விக்குறி என்று எடுத்துக்கொண்டு, அடுத்து ஒரு மதிப்பு வரும் என்று காத்திருக்கிறது. வருவது புள்ளி. எதிர்பாராத டோக்கன்.

ஒரு வரியில் தடுக்கினால் அந்த ஒரு வரிதானே போகும் என்று நினைக்கலாம். இலக்கணப் பிழை அப்படியல்ல. உலாவி கோப்பு முழுவதையும் படித்து முடித்த பிறகுதான் முதல் வரியை இயக்கும். படிக்கும்போதே தடுக்கினால் கோப்பு மொத்தமும் குப்பை. ஆகவே பெரியவரின் ஃபோனில் ஸ்கிரிப்ட் என்ற ஒன்றே இல்லை. ஜெட்டிக் கட்டத்தை மறைக்க ஆள் இல்லை. அதனால்தான் ‘நேரில்’ என்று தொட்டாலும் ஜெட்டி கேட்டிருக்கிறது. அந்த ஒரு வாக்கியத்தை முதல் நாள் மாலை நான் காது கொடுத்துக் கேட்டிருந்தால், ஸ்கிரிப்ட் ஓடவே இல்லை என்று வீட்டிலிருந்தே சொல்லியிருக்கலாம்.

ஸ்கிரிப்ட் இல்லாத படிவம் தன் பிறவிக் குணப்படி நடந்துகொள்ளும். எந்த முகவரிக்கு, எந்த முறையில் அனுப்புவது என்று நான் ஹெச்டிஎம்எல்லில் குறிக்கவில்லை, எல்லாவற்றையும் ஸ்கிரிப்ட் பார்த்துக்கொள்ளும் என்ற நம்பிக்கை. குறிக்காவிட்டால் உலாவி அதே பக்கத்துக்கு ‘கெட்’ முறையில் அனுப்பும். எழுதியது எல்லாம் முகவரியின் வாலில் கேள்விக்குறிக்குப் பின்னால் ஒட்டிக்கொள்ள, பக்கம் புதிதாகத் திறக்கும். காலியாக.

சர்வரின் வருகைப் பதிவேட்டில் இது முதல் நாள் இரவே இருந்தது. நான் பார்க்கவும் பார்த்தேன். எல்லாம் சரி என்று பொருள்படும் 200 என்ற நிலைக்குறி இருந்ததால் யாரோ பக்கத்தைத் திறந்திருக்கிறார்கள், நலம் என்று தாண்டிப் போய்விட்டேன். வரிகள் ஏன் இவ்வளவு நீளம் என்று ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. தமிழ் எழுத்துகள் முகவரிக்குள் அப்படியே போவதில்லை. யூடிஎஃப்-8 என்ற யூனிகோடு குறியாக்கத்தில் தமிழின் ஒவ்வொரு குறியும் மூன்று பைட்டு, ஒவ்வொரு பைட்டும் ஒரு சதவீதக் குறியும் இரண்டு எழுத்துமாக மாறும். ‘தங்கச்சிமடம்’ என்பது நம் கண்ணுக்கு எட்டு எழுத்து. புள்ளிகளும் ‘சி’யின் இகரக் குறியும் தனித்தனிக் குறிகள் என்பதால் கணினிக்கு அது 12. பைட்டில் 36. முகவரியில் 108 இடம். ஆம்புலன்ஸை அழைக்கச் சொல்லி அந்த வரி இரவெல்லாம் கத்திக்கொண்டிருந்திருக்கிறது.

பெரியவரின் வரியைத் தமிழுக்கு மாற்றிப் பார்த்தேன். ஜெட்டிக் கட்டத்தில் அவர் எழுதியிருந்தது: “நான் நேரில் வருகிறேன்.” ஐந்து முறை அனுப்பியிருந்தார். ஐந்தாவது முறை கடைசியில் “வருகிறேன் அய்யா” என்று சேர்த்திருந்தார்.

சிரிப்பாக இருந்தாலும் இதில் ஒரு கேடு இருக்கிறது. மூன்று பேரின் கைபேசி எண்ணும் பெயரும் சர்வரின் பதிவேட்டிலும் அவரவர் உலாவியின் வரலாற்றிலும் பச்சையாகப் பதிந்திருந்தன. சர்வரில் இருந்ததை அன்றே அழித்தேன்.

திருத்தம் இரண்டு. ஸ்கிரிப்டைப் பழைய உலாவிகளுக்குப் புரியும் மொழிநடைக்கு மாற்றித் தருகிற கருவி வழியாக ஏற்றுவது ஒன்று. அதைவிட எனக்குப் பிடித்தது மற்றது: படிவத்திலேயே, எழுதியதை முகவரியில் ஒட்டாமல் அனுப்பும் ‘போஸ்ட்’ முறையையும் சர்வர் முகவரியையும் எழுதிவிட்டேன். இனி ஸ்கிரிப்ட் செத்தாலும் ஆர்டர் போய்ச் சேரும். உலாவி நேரடியாக அனுப்பினால் சர்வர் ஒரு சாதாரண நன்றிப் பக்கத்தைக் காட்டும், ஸ்கிரிப்ட் அனுப்பினால், நிரல்கள் தங்களுக்குள் தகவல் பரிமாறும் ஜேசன் வடிவில் பதில் தரும். எது எது என்பதை, எந்த வடிவில் பதில் வேண்டும் என்று கோரிக்கையோடு வருகிற குறிப்பை வைத்துப் பிரித்துக்கொள்ளலாம்.

சிவப்பாகப் பிழை வந்த ஐந்து பேர்

இதைச் சுருக்கமாகவே சொல்லலாம். பதிவுப் புத்தகத்தை ஃபோனில் படமெடுத்தால் மூன்று, நான்கு எம்பி (மெகாபைட்) வரும். சர்வரின் வாசலில் நிற்கும் என்ஜின்எக்ஸ் மென்பொருள், யாரும் மாற்றாவிட்டால், ஒரு எம்பிக்கு மேல் உள்ள எதையும் 413, அதாவது அளவு அதிகம், என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிடும். நான் மாற்றவில்லை. பிஹெச்பியின் பிழைப் பதிவேடு காலியாக இருந்ததன் காரணம் இதுதான். படம் அதன் வாசல் வரைக்கும்கூட வரவில்லை.

திருப்பி அனுப்பும்போது என்ஜின்எக்ஸ் கொடுப்பது ஒரு ஹெச்டிஎம்எல் பக்கம். என் ஸ்கிரிப்ட் அதை ஜேசன் என்று நம்பிப் பிரிக்கப் பார்த்தது. முதல் எழுத்தே ‘<’. மறுபடி எதிர்பாராத டோக்கன். சர்வருக்கு அனுப்பிப் பதில் வாங்கும் ‘ஃபெட்ச்’ கட்டளையை நம்புகிறவர்கள் பலர் விழுகிற குழி இது. சர்வர் 413 சொன்னாலும் 500 சொன்னாலும் பதில் என்று ஒன்று வந்துவிட்டதால் ‘ஃபெட்ச்’ அதை வெற்றி என்றுதான் எடுத்துக்கொள்ளும். நிலைக்குறியை நாம்தான் பார்க்க வேண்டும். நான் பார்க்காமல் விட்டதோடு, வந்த பிழையைப் பிடித்து ‘பிழை ஏற்பட்டது, மீண்டும் முயலவும்’ என்று காட்டினேன். ஐந்து பேரும் சொன்னபடி மீண்டும் முயன்றார்கள், அதே நான்கு எம்பி படத்தோடு, ஜெட்டியில் கிடைக்கிற சிக்னலில்.

படத்தை ஃபோனிலேயே 1280 புள்ளி அகலத்துக்குச் சுருக்கி அனுப்பும்படி மாற்றினேன். சர்வரின் வரம்பையும் எட்டு எம்பி ஆக்கினேன். பிஹெச்பிக்கும் தனியாக வரம்பு உண்டு, அதையும் சேர்த்து உயர்த்த வேண்டும். இல்லாவிட்டால் பெரிய கோரிக்கை வரும்போது அது எல்லாக் கட்டங்களும் காலி என்று நிரலிடம் கொடுத்துவிடும், வேறொரு இரவு போய்விடும்.

மூன்றையும் வரிசையாக வைத்துப் பார்த்தபோதுதான் என் முதல் இரவு ஏன் வீணானது என்று விளங்கியது. ஒன்று, என் நிரல் காத்திருந்த நிகழ்வு நடப்பதற்கு முன்பே நின்றுவிட்டது. மற்றொன்று, என் நிரல் படிக்கப்படும்போதே இறந்துவிட்டது. இன்னொன்று, சர்வரில் உள்ள என் நிரலை எட்டும் முன்பே திருப்பி அனுப்பப்பட்டது. மூன்றும் என் நிரலுக்கு வெளியே வாசலில் நடந்தவை. நான் வீட்டுக்குள் விளக்கைப் போட்டுப் போட்டுத் தேடிக்கொண்டிருந்தேன்.

இரட்டை ஆர்டர்

15ஆம் தேதி மாலையே எல்லாத் திருத்தங்களையும் ஏற்றிவிட்டு, மடிக்கணினியில் நேரில், வண்டியில், படத்தோடு, படமில்லாமல் என எல்லா வழியிலும் சோதித்துவிட்டு ஊர் திரும்பினேன். இங்கே விசைப்படகுகள் வாரத்தில் மூன்று நாள்தான் கடலுக்குப் போகும். அடுத்த ஆர்டர்கள் 16ஆம் தேதி மாலை.

16 இரவு எட்டு மணிக்கு அக்கா அழைத்தார். “தம்பி, இப்போது எல்லாருக்கும் போகிறது. சிலருக்கு இரண்டு முறை போகிறது.” நாற்பது கட்டி கேட்டவர் பெயரில் எண்பது கட்டி. இயந்திரத்தில் ஐஸ் உறைவதற்கு நேரம் பிடிக்கும். எண்பது என்று நம்பி ஒதுக்கி வைத்தால் வேறு ஒரு படகுக்கு இல்லாமல் போகும். ஏமாந்தால் அன்றைய கடலே கெட்டுவிடும்.

இந்த முறை சர்வர் என்ன சொல்கிறது என்று பார்க்கப் போகாமல், அவர்கள் சொன்னதைச் சொன்னபடி படிக்கச் சொன்னேன். “பிழை என்று வருகிறதாம், மறுபடி அனுப்பினாராம். நேரில் எடுக்கிறவர்.” நேரில் என்ற சொல் கேட்டதும் வயிற்றில் ஏதோ புரண்டது.

‘டிஸேபிள்டு’ ஆக்கிய கட்டத்தை உலாவி சோதிப்பதும் இல்லை, அனுப்புவதும் இல்லை. முன்பு ஜெட்டி என்ற பெயர் எப்போதும் வரும். இப்போது நேரில் எடுக்கிறவர்களுக்கு அந்தப் பெயரே வராது. பிஹெச்பி நிரல் அதை எதிர்பார்த்து, காணாமல், இப்படி ஒரு பெயர் இல்லை என்று ஓர் எச்சரிக்கை எழுதிவிட்டு மேலே போகிறது. ஆர்டர் ஒழுங்காகச் சேமிக்கப்படுகிறது. ஆனால் எச்சரிக்கையை எங்கே எழுதுகிறது? திரையில். பிழையைத் திரையில் காட்டும் அமைப்பை 14 இரவு இயக்கிவிட்டு அணைக்காமல் விட்ட புண்ணியவான் நான்தான். எச்சரிக்கை ஒரு ஹெச்டிஎம்எல் துணுக்காக ஜேசன் பதிலுக்கு முன்னால் ஒட்டிக்கொள்கிறது. ஸ்கிரிப்ட் படிக்கிற முதல் எழுத்து ‘<’. பிழை என்கிறது. மீண்டும் முயலவும் என்கிறது. ஆர்டர் போட்டு முடித்த மனிதர் மறுபடி போடுகிறார். நான் சோதித்தது என் மடிக்கணினியில் ஓடும் நகலில், அங்கே அந்த அமைப்பு அணைந்திருந்ததால் எனக்கு எல்லாம் சுகமாகவே தெரிந்தது.

அணைத்ததும் நின்றது. அணைத்தது மட்டும் போதாது என்பதால் ஜெட்டி வராவிட்டால் காலி என்று எடுத்துக்கொள்ள நிரலையும் திருத்தினேன். இரட்டிப்பானவற்றை அக்கா ஒவ்வொருவராக அழைத்துக் கேட்டு அடித்துவிட்டார். ஒரு படகுக்கு உண்மையிலேயே எண்பது வேண்டியிருந்தது. அதையும் அடித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போதும் சில இரவுகளில் நினைத்துக்கொள்வேன்.

பிறகு செய்தவை

ஒவ்வொரு முறை பக்கம் திறக்கும்போதும் சர்வர் ஒரு தனி எண்ணைப் படிவத்துக்குள் ஒளித்து வைக்கிறது. ஒரே எண்ணோடு இரண்டாவது ஆர்டர் வந்தால் புதிதாக எழுதாமல், முதலில் எழுதியதையே காட்டி ‘உங்கள் ஆர்டர் பதிவாகிவிட்டது’ என்று சொல்கிறது. இந்த எண்ணை உலாவியிலேயே உருவாக்க ஒரு கட்டளை இருக்கிறது, அது பெரியவரின் ஃபோனில் இல்லை. அவர் ஃபோன் இப்போது என் அளவுகோல் ஆகிவிட்டது. அனுப்பிக்கொண்டிருக்கும்போது பொத்தான் செயலிழந்து ‘அனுப்பப்படுகிறது’ என்று காட்டும். தோற்றால் திரும்ப உயிர் பெறும். பலர் இந்த இரண்டாவது பாதியை மறந்துவிடுவார்கள், பிறகு பக்கத்தை மூடித் திறக்காமல் எதுவும் செய்ய முடியாது.

‘பிழை ஏற்பட்டது’ என்ற வாசகத்தை ஒழித்தேன். படம் பெரிது, சிக்னல் இல்லை, கம்பெனி சர்வரில் கோளாறு, அக்காவுக்கு ஃபோன் செய்யுங்கள் என்று நான்கு வெவ்வேறு வாசகங்கள். நான்கையும் அக்காதான் எழுதிக் கொடுத்தார். நான் எழுதியிருந்தவை ஒன்றுக்கும் உதவாதவை என்பதில் அவருக்கு ஐயமே இல்லை.

கடைசியாக, எந்த ஃபோனில் எந்தப் பிழை வந்தாலும் அதை சர்வருக்குச் சொல்ல ஒரு சிறிய ஸ்கிரிப்ட். அது தனிக் கோப்பு, பக்கத்தின் தலையிலேயே முதலில் ஏறுவது, மிகப் பழைய நடையில் எழுதப்பட்டது. பெரிய கோப்பு படிக்கும்போதே இறந்தாலும் இது உயிரோடு இருந்து சாவுச் செய்தி சொல்லும். மறைந்த கட்டத்தால் அனுப்ப முடியாமல் போவது இந்த வலையில் சிக்காது, ஏனென்றால் அது ஸ்கிரிப்ட் பிழையே அல்ல. அதற்காகக் கட்டங்கள் ஒவ்வொன்றும் சோதனையில் தோற்கும்போது எழுப்புகிற ‘இன்வேலிட்’ நிகழ்வைத் தனியாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

முடியாத வேலை ஒன்று இருக்கிறது. தனுஷ்கோடிப் பக்கம் போனால் சிக்னல் வந்து வந்து போகும். உலாவியைக் கேட்டால் இணைப்பு இருக்கிறது என்றுதான் சொல்லும். ஃபோன் ஏதோ ஒரு வலையமைப்பில் இருக்கிறது என்பதுதான் அதற்குத் தெரியும், அந்த வழியாக ஏதாவது போகிறதா என்று தெரியாது. அனுப்ப முடியாத ஆர்டரை ஃபோனிலேயே வைத்திருந்து சிக்னல் வந்ததும் அனுப்பலாம். பாதி எழுதி வைத்திருக்கிறேன். அக்காவிடம் சொன்னபோது அவர் கேட்டது: “எப்போது போடப் போகிறீர்கள்?” அடுத்த தடைக்காலத்தில் என்று வாய் வரை வந்ததை விழுங்கிவிட்டு, வருகிற வாரம், படகுகள் கடலுக்குள் இருக்கிற ஒரு நாளில், ஆர்டர் வருவதற்கு முந்தின காலையில் என்றேன். பெரியவரிடம் ஃபோனைக் கொண்டுவரச் சொல்லிவிட்டார்.